சபாநாயகரின் தொகுதி: கீழ்பென்னாத்தூரும் சோர்லியும்

2021 மே மாதம் சென்னை கலைவாணர் அரங்கில் புதிய சட்டப்பேரவை கூடியபோது, தற்காலிக சபாநாயகராக அமர்ந்து உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் கீழ்பென்னாத்தூர் எம்.எல்.ஏ. கு. பிச்சாண்டி. மே 12 அன்று அவரே போட்டியின்றித் துணை சபாநாயகராகவும் ஆனார். 2008 தொகுதி மறுவரையறையில் உருவாகி, 2011இல்தான் முதல் தேர்தலைக் கண்ட தொகுதி இது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில், நெல்லையும் மணிலாவையும் நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு இது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் வருகிறது. சபாநாயகர் நாற்காலியில் உட்காருபவர் கட்சிக்காரரா, நடுவரா? நடுவர் என்றால், ஊர்க் குறையை அவையில் எழுந்து பேசுவது யார்?

இதே கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஊர் ஒன்று இங்கிலாந்தின் வடக்கே இருக்கிறது. லங்காஷயரில் உள்ள சோர்லி. அதன் எம்.பி. லிண்ட்சே ஹாய்ல் 2010 முதல் துணை சபாநாயகராக இருந்தார். அப்போது அவர் தொழிற்கட்சிக்காரர்; தேர்தலிலும் அந்தக் கட்சி வேட்பாளராகவே நின்றார். ஆனால் அவையில் வாக்கெடுப்பு மணி அடித்தால் அவர் எந்தப் பக்கமும் வாக்களிக்க மாட்டார். 2019 நவம்பர் 4 அன்று சபாநாயகர் ஆனதும் கட்சியையே விட்டு விலகினார். பிரிட்டனில் அதுதான் மரபு. அதன்பின் 2019 டிசம்பரிலும் 2024 ஜூலையிலும் வந்த பொதுத்தேர்தல்களில் அவர் ‘மறுதேர்வு கோரும் சபாநாயகர்’ என்றே நின்றார். தொழிற்கட்சி, கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் என்ற மூன்று பெரிய கட்சிகளும் அவரை எதிர்த்து ஆள் நிறுத்தவில்லை.

அதனால் சோர்லிக்காரர்களுக்கு இழப்பு உண்டு. யார் பிரதமர் ஆக வேண்டும் என்று நாடே வாக்களிக்கும் நாளில், அவர்களுடைய வாக்குச்சீட்டில் அந்தக் கட்சிகளின் பெயரே இருக்காது. அவர்களுடைய எம்.பி. விவாதத்தில் பேச மாட்டார். அமைச்சரிடம் கடிதமாகவோ நேரிலோதான் கேட்பார். சபாநாயகரிடமிருந்து வரும் கடிதத்தை எந்த அமைச்சரும் கிடப்பில் போடுவதில்லை என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் குறை குறைதான்.

இந்த விலையைக் கொடுத்து பிரிட்டன் எதை வாங்குகிறது? அந்த நாட்டில் அரசின் உயிர் அன்றாடம் அவையின் கையில் இருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று பிரதமர் ஜேம்ஸ் காலகன் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 311க்கு 310 என்ற கணக்கில் நிறைவேறியது. சாகும் தறுவாயில் இருந்த ஆளுங்கட்சி எம்.பி. ஆல்ஃபிரட் பிராட்டனை ஆம்புலன்ஸில் அழைத்து வரலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டார்கள். அந்த ஒரு வாக்கில் அரசு போயிற்று. மார்கரெட் தாட்சரின் காலம் பிறந்தது. ஒரு வாக்கு இவ்வளவு செய்யும் இடத்தில், வாக்கெடுப்பை நடத்தி முடிவைச் சொல்பவர் மேல் சந்தேகத்தின் நிழல்கூட விழக் கூடாது. 2019 ஏப்ரல் 3 அன்று பிரெக்சிட் தொடர்பான ஒரு வாக்கெடுப்பு 310க்கு 310 என்று சமனானபோது, சபாநாயகர் ஜான் பெர்கோ தன் வாக்கை எதிர்த்துப் போட்டார். அவையில் பெரும்பான்மை இல்லாத ஒன்றைத் தன் ஒற்றை வாக்கால் நிறைவேற்றக் கூடாது என்ற பழைய மரபையே அவர் காரணமாகச் சொன்னார்.

அங்கும் எல்லாம் பளிங்காக இல்லை. 2024 பிப்ரவரியில் காசா போர் குறித்த விவாதத்தில் ஹாய்ல் எடுத்த ஒரு முடிவு தொழிற்கட்சிக்குச் சாதகம் என்று கொதித்து, மற்றக் கட்சியினர் வெளிநடப்பு செய்தனர். அவர் அவையிலேயே மன்னிப்புக் கேட்டார். கட்சியை விட்டவர்மீதே இந்தக் கோபம் என்றால், விடாதவர் நிலை என்ன?

அமெரிக்காவில் சபாநாயகர் நடுவராக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே அவர். 2020 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப் உரையாற்றி முடித்ததும், அவருக்குப் பின்னால் நின்றபடி உரைப் பிரதியைக் கிழித்தார் சபாநாயகர் நான்சி பெலோசி. லண்டனிலோ சென்னையிலோ இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 2023 அக்டோபர் 3 அன்று சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியை 216க்கு 210 என்ற வாக்கில் அவையே இறக்கியது. அதை ஆரம்பித்து வைத்தவர் அவருடைய கட்சிக்காரர். அவ்வளவு நடந்தும் வெள்ளை மாளிகையில் எதுவும் அசையவில்லை. ஏனென்றால் அதிபருக்கு மக்கள் தனியாக நான்கு ஆண்டு கொடுத்திருக்கிறார்கள். அவையில் பெரும்பான்மை போனாலும் அவர் பதவி போகாது. செனட்டுக்குத் தலைமை தாங்குவதும் துணை அதிபர்தான். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தாயின் மகள் கமலா ஹாரிஸ், அங்கே சமநிலையை உடைக்க 33 முறை வாக்களித்தார். அமெரிக்க வரலாற்றில் அதுவே உச்சம். அந்த 33ம் தன் கட்சி அரசுக்காகப் போட்டவை. அதில் யாரும் குறை காணவில்லை.

நம்முடையது பிரிட்டன் வழி. 1999 ஏப்ரல் 17 அன்று, அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டபின், வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று அதே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. ஆனால் பிரிட்டனின் ஆட்சிமுறையை எடுத்துக்கொண்ட நாம், சபாநாயகருக்கு அங்கே இருக்கும் பாதுகாப்பை எடுத்துக்கொள்ளவில்லை. சென்னைப் பேரவையில் சபாநாயகர் அமரும் நாற்காலியே 1922இல் ஆளுநர் வில்லிங்டன் பிரபுவும் அவர் மனைவியும் அன்றைய சட்டமன்றத்துக்குக் கொடுத்தது. அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்து புதிய சபாநாயகரை அதில் அமர்த்துகிறார்கள். அந்தக் காட்சி அழகானது; அதன் பொருளும் உயர்ந்தது. ஆனால் ஐந்தாண்டு கழிந்து அவருக்கு சீட்டுக் கொடுப்பது அவர் கட்சிதான்.

இதற்கு மேல், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எந்தச் சபாநாயகருக்கும் இல்லாத ஓர் அதிகாரத்தை 1985இல் நாம் கொடுத்தோம். 52ஆவது திருத்தத்தில் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சி தாவிய உறுப்பினரின் பதவியைப் பறிப்பதா வேண்டாமா என்று தீர்ப்பவர் சபாநாயகர். அந்த அதிகாரம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு இரண்டு முறை கண்டது. 1988 ஜனவரியில் முதல்வர் ஜானகி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு, சபாநாயகரின் தகுதிநீக்கங்களுக்கு நடுவே, அவைக்குள் போலீஸ் தடியடியில் முடிந்து, ஆட்சியும் கலைந்தது. 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் ப. தனபால் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதிநீக்கம் செய்தார். 18 பேர் குறைந்ததும் பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணும் கூடவே இறங்கியது. உயர்நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி நீக்கம் செல்லும் என்றார். 2019 இடைத்தேர்தல் வரை அந்த 18 தொகுதி மக்களுக்கும் அவையில் ஆளில்லை. தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். தீர்ப்பளித்தவரின் அடுத்த தேர்தல் யார் கையில் இருந்தது என்பதுதான் என் கேள்வி. இது தனபாலைப் பற்றிய கேள்வி அல்ல. எந்தக் கட்சி ஆண்டாலும் பொருந்தும்.

இங்கே துணை சபாநாயகர் நிலை இன்னும் கலப்படமானது. நாற்காலியில் இருக்கும்போது நடுவர். சபாநாயகர் வந்து அமர்ந்தபின் அவர் சாதாரண உறுப்பினர், பேசலாம், வாக்களிக்கலாம். ஆகவே கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் சோர்லிக்காரர்களைப் போல வாய்ப்பூட்டுப் போட்டவர்கள் அல்ல. ஆனால் பிரிட்டனில் சபாநாயகரும் மூன்று துணை சபாநாயகர்களும் இரு தரப்பிலிருந்தும் சமமாக எடுக்கப்படுகிறார்கள். 2021இல் தமிழ்நாட்டில் இரண்டு பதவியும் ஆளுங்கட்சிக்கே போயின. மக்களவை இதைவிட மோசம்: கரூர் எம்.பி. தம்பிதுரைக்குப் பிறகு, 2019இல் அமைந்த அவை ஐந்தாண்டும் துணை சபாநாயகர் இல்லாமலே ஓடி முடிந்தது.

மாற்ற வழி இல்லாமல் இல்லை. பத்தாவது அட்டவணையின் 5ஆவது பத்தி, சபாநாயகரோ துணை சபாநாயகரோ பதவிக்காகக் கட்சியை விட்டு விலகினால் அது தாவல் ஆகாது என்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு வெகுமுன்பே, 1967இல் மக்களவை சபாநாயகரான நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகிக் காட்டினார். ஆனால் விலகியவருக்கு எதிராக ஆள் நிறுத்த மாட்டோம் என்று மற்றக் கட்சிகள் சொல்ல வேண்டும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள ஒரு தொகுதியில் சின்னங்களை எடுத்துவிட்டு ‘இவருக்குப் போடுங்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோர்லியின் குறையை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை.

அதைவிட எளிய வழி, தகுதிநீக்க வழக்கைச் சபாநாயகரிடமிருந்து எடுத்துவிடுவது. மணிப்பூர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதைத்தான் சொன்னது: ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் நிரந்தரத் தீர்ப்பாயம் அமைப்பதை நாடாளுமன்றம் யோசிக்கட்டும், அதுவரை சபாநாயகர்கள் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்கட்டும். தீர்ப்பாயத்துக்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம் டெல்லிக்கு அனுப்பும் எம்.பி.க்கள். கீழ்பென்னாத்தூருக்கு வாக்குக் கேட்டு வரும்போது அவர்களிடம் இதைக் கேட்கலாம்.