மீன்காட்டியும் கயாக் படகும்

கண்ணுக்குப் புலனாகாததைச் செவியால் அறிதல் மக்களுக்குப் புதியதொரு கலையன்று. பாழ்ங்கிணற்றின் ஆழத்தை அறிய விழையும் சிறுவன் அதனுள் ஒரு கல்லை இட்டு, அது நீரில் வீழும் ஓசைக்குச் செவிசாய்த்து நிற்கின்றான். மலைச்சாரலிற் கூவுவோன் தன் குரல் மீண்டு வரும் காலத்தைக் கொண்டு எதிரேயுள்ள பாறையின் சேய்மையை ஒருவாறு மதிப்பிடுகின்றான். இவ்வெளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டதே மீன்காட்டி என்னும் கருவி. அதனைப் பெருங்கப்பலிற் பொருத்துதல் தேர்ந்த கம்மியர் தொழில். கயாக் என்னும் சிற்றோடத்திற் பொருத்துதலோ, தூண்டிலிட்டு மீன்பிடிப்போன் பெரும்பாலும் தன் கைகளாலேயே செய்துகொள்ளும் பணி. அப்பணி எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதையும், அதிற் பிழை நேரின் விளையும் இடர் யாது என்பதையும் ஈண்டுச் சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் படகின் இயல்பை அறிதல் வேண்டும். கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த நாடுகளில் வாழும் இனூயிட், அலியூட் முதலிய மக்கள் கண்ட ஓடம். கடலில் மிதந்து வரும் மரத்தாலேனும் எலும்பாலேனும் சட்டம் அமைத்து, அதன்மீது கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்து, இருபுறமும் அலகுடைய துடுப்பால் அதனைச் செலுத்தி அவர்கள் வேட்டையாடினர். அவ்வோடத்தில் ஒருவன் இடைவரை உள்ளே புகுந்து அமர்வான். இக்காலத்து மீன்பிடி கயாக்குகளிற் பல அவ்வாறு உள்ளே புகுந்து அமர்வன அல்ல. நம் கட்டுமரத்திற்போல் மேலே அமர்ந்து செலுத்துவன. இவ்வமைப்பை 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையிலுள்ள மாலிபுவில் உருவாக்கிப் பரப்பியவர் டிம் நீமியர் என்பார். பாலிஎதிலின் என்னும் பிளாஸ்டிக் பொடியை அச்சிலிட்டுச் சூடேற்றிச் சுழற்றுவதால், தையலும் மூட்டும் இல்லாத உட்கூடான உடல் கிடைக்கின்றது. மேற்றளத்தில் ஏறும் நீர் வடிந்துபோகத் தளத்திலிருந்து அடிப்புறம் வரை ஊடுருவும் துளைகள் சில உண்டு. அத்துளைகளின் சுவர் உடலோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருத்தலின் உட்கூட்டில் நீர் புகாது. அந்த உட்கூட்டிலுள்ள காற்றே படகைத் தாங்குவது. அதனை நீரினின்று காப்பது சில மில்லிமீட்டர் கனமுள்ள சுவரொன்றே. இதனை நினைவிற் கொள்க.

இனிக் கருவியின் வரலாறு. நீரில் ஒலி செல்லும் வேகத்தை 1826இல் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா ஏரியில் கொலாடோன், ஸ்டூர்ம் என்னும் அறிஞர் இருவர் அளந்தனர். ஒரு படகில் நீருக்குள் மணியை அடித்து அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தினர். தொலைவிலுள்ள மற்றொரு படகில் ஒளியைக் கண்டதற்கும் ஓசையைக் கேட்டதற்கும் இடைப்பட்ட காலத்தைக் கணித்தனர். நொடிக்கு 1,435 மீட்டர் என்பது அவர்கள் கண்ட அளவு. 1912இல் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கியபின், 1914இல் பெசெண்டன் என்பார் வட அட்லாண்டிக் கடலில் பனிமலையினின்று மீண்ட எதிரொலியைத் தம் கருவியாற் கேட்டார். முதல் உலகப் போர்க்காலத்தில் பிரான்சு நாட்டு லாஞ்செவின், மின்சாரத்தால் அதிரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு செவிக்கெட்டாத நுண்ணொலியைப் பிறப்பித்தார். ஆழம் காண உதவிய இக்கருவியை மீன் காண்பதற்குரியதாக்கி, 1948இல் ஜப்பானின் நாகசாகிப் பகுதியில் தொழின்முறைப் பயனுக்குக் கொணர்ந்தவர் புருனோ உடன்பிறந்தார். அடுத்த பத்தாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் லோரன்ஸ் நிறுவனத்தார் சிறு படகுக்கேற்ற கையடக்கமான மீன்காட்டியை விற்கலாயினர்.

இக்கருவிக்கு உறுப்பு மூன்று. ஒலியை அனுப்புவதும் எதிரொலியை ஏற்பதும் ஆகிய டிரான்ஸ்டியூசர் ஒன்று. இதனை இக்கட்டுரையில் ஒலியுறுப்பு என வழங்குவோம். எதிரொலியைப் படமாக்கித் திரையிற் காட்டும் பெட்டி மற்றொன்று. இரண்டுக்கும் ஆற்றல் தரும் பாட்டரி மூன்றாவது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும் எனக் கொள்வோம். 15 மீட்டர் ஆழத்தில் ஒலி சென்று மீளும் வழி 30 மீட்டர்; அதற்காகும் காலம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. இக்காலத்தை அளந்தே கருவி ஆழத்தைக் கூறுகின்றது. ஒலி கீழே செல்லச் செல்லக் கூம்புபோல் விரியும். கூம்பின் கோணம் 20 பாகையாயின், 15 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 5 மீட்டர் அகலமுள்ள வட்டமே புலப்படும். 60 பாகையாயின் 17 மீட்டர் அகலம் புலப்படும். மீன் இக்கூம்பின் ஓரத்திற் புகும்பொழுது தொலைவு மிகுதி. நடுவில் வரும்பொழுது குறைவு. நீங்கும்பொழுது மீண்டும் மிகுதி. ஆதலின் அது திரையில் வில்போல் வளைந்து தோன்றும். படகும் மீனும் அசையாதிருப்பின் வில் தோன்றாது, நீண்ட கோடே தோன்றும்.

மீனின் உடலிற் பெரும்பகுதி நீரேயாகவும் ஒலி அதனின்று ஏன் திரும்புகின்றது? மீன்கள் பலவற்றின் வயிற்றில் காற்றுப்பை ஒன்றுண்டு. நீரும் காற்றும் ஒலியைத் தாங்கும் திறத்தில் மிக வேறுபட்டவை. அவை சந்திக்கும் எல்லையில் ஒலியாற்றல் முழுவதும் என்னத்தக்க அளவில் திருப்பியனுப்பப்படுகின்றது. காற்றுப்பை இல்லாத சுறா முதலியவை மங்கலாகவே தோன்றுதற்குக் காரணமும் இதுவே. எனவே மீனை நமக்குக் காட்டிக்கொடுப்பது அதன் வயிற்றிலுள்ள காற்று எனலாம். அக்காற்றே ஒலியுறுப்பின் முகத்தில் ஒட்டியிருப்பின், ஒலி நீரை அடையாமலே திரும்பிவிடும், கருவி குருடாகும். காற்று, மீனின் வயிற்றில் இருப்பின் துணை. ஒலியுறுப்பின் முகத்தில் இருப்பின் பகை. பொருத்தும் முறைகள் யாவும் இப்பகையை விலக்கும் வழிகளேயாம்.

ஒலியுறுப்பைப் பொருத்தும் வழிகள் மூன்று. முதலாவது, படகின் உட்புறத்தில் அடிச்சுவரின்மீது அதனைப் பதித்து, சுவரின் வழியாகவே ஒலியைச் செலுத்துதல். பாலிஎதிலின் ஒலியைத் தாங்கும் திறத்தில் நீரினின்று அதிகம் வேறுபடாமையால், ஒலி பெரும்பாலும் அதனூடே சென்றுவிடும். இவ்வழியில் படகைத் துளைக்க வேண்டியதில்லை. பாறையிலும் மணலிலும் உராய்ந்து கருவி கெடுதலும் இல்லை. குறைகளும் உண்டு. ஒலி சிறிது வலிமை குன்றும். நீரின் வெப்பத்தைக் காட்டும் உறுப்பு படகின் உள்வெப்பத்தையே காட்டும். பக்கவாட்டுக் காட்சி தரும் மிகுநுண்ணொலிக் கருவிகள் இதற்கு ஏற்றவையல்ல. இரண்டாவது வழி, நீர்வடி துளையின் அடியிலோ, படகு செய்வோர் அதற்கென அமைத்த பள்ளத்திலோ ஒலியுறுப்பை வைத்தல். இதில் ஒலி நேரே நீரை அடையும். மூன்றாவது, படகின் பக்கத்தில் ஒரு கை அமைத்து அதன் நுனியில் ஒலியுறுப்பை நீருக்குள் தாழ்த்துதல். இது கழற்ற எளிது; ஆயினும் துடுப்புக்கு இடையூறாவதோடு, நீர்ப்பாசியிலும் தூண்டிற்கயிற்றிலும் சிக்கும்.

உட்புறத்திற் பொருத்துவோர் முதலில் இடம் தேர்தல் வேண்டும். அவ்விடம் சமமானதாகவும், ஒற்றைச் சுவருடையதாகவும், தளத்திலுள்ள மூடிவழியே கை எட்டுவதாகவும் இருத்தல் நன்று. மிதவைக்காக வைத்த நுரைக்கட்டியின்மேல் வைத்தலாகாது. நுரையென்பது காற்றுக் குமிழிகளின் தொகுதியே. ஆள் அமர்ந்தபின் படகு நீரில் நிற்கும் நிலையை நோக்கி, ஒலியுறுப்பின் முகம் நேர்கீழாக இருக்குமாறு அமைக்க. பசையிடுமுன் ஒரு சோதனை செய்க: தேர்ந்த இடத்தில் சிறிது நீரை ஊற்றி, அதில் ஒலியுறுப்பை நிறுத்தி, ஆழம் தெரிந்த இடத்துக்குப் படகைச் செலுத்திப் பார்க்க. கருவி சரியான ஆழத்தைக் காட்டின் இடம் ஏற்றது. இன்றேல் வேறிடம் நாடுக.

பின்னர் அவ்விடத்தைத் துடைத்து, உப்பும் எண்ணெயும் நீக்கி, உப்புத்தாளால் சிறிது சொரசொரப்பாக்குக. பாலிஎதிலின் பசையை எளிதிற் பற்றாத இயல்பினது. கடற்படகுகளுக்குரிய பசையைத் தாராளமாக இட்டு, ஒலியுறுப்பைச் சற்றே திருகியவாறு அழுத்தின் குமிழிகள் ஓரமாக வெளியேறும். பசை முற்றும் உலரும்வரை படகை அசைத்தலாகாது. நிலையாக ஒட்ட விரும்பாதவர், நீர் உறிஞ்சாத நுரைத்தகட்டில் ஒலியுறுப்பின் அளவுக்கு இடம் வெட்டி, அத்தகட்டைச் சுவரில் ஒட்டி, நடுவில் நீரேனும் வாசலைனேனும் நிரப்பி அதில் ஒலியுறுப்பை இருத்துவர். வெட்டிய இடத்தில் நுரை எஞ்சாமல் சுவர் வெளித்தோன்றுதல் இன்றியமையாதது. எம்முறையாயினும் ஆண்டுதோறும் பற்று நெகிழ்ந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

நிற்க. காட்சிப்பெட்டியை எங்கு வைப்பது? அமர்ந்தோன் குனியாமல் காணவும் கை நீட்டித் தொடவும் ஏற்ற இடமாக, ஆனால் துடுப்பின் வீச்சுக்கு அப்பால் வைத்தல் வேண்டும். பல படகுகளில் ஓரமாகப் பொருத்திய தண்டவாளம்போன்ற பள்ளச்சட்டம் உண்டு. அதிற் பொருத்தின் புதுத்துளை வேண்டா. துளைத்தே ஆகவேண்டுமாயின், உட்புறத்தில் எதுவுமில்லையென உறுதிசெய்துகொண்டு, முதலிற் சிறு துளையிட்டுப் பின் வேண்டுமளவு பெருக்குக. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும், உட்புறத்தில் அகன்ற வாஷரும் தாங்குபலகையும் இடுக. துளையைச் சுற்றிலும் நீர்புகாப் பசை பூசுக. கம்பி உட்செல்லும் துளைக்கு நீர்புகா மூடி அமைக்க. கம்பி மிகுந்திருப்பின் அதனை வெட்டாது, வளையமாகச் சுற்றி உள்ளே கட்டிவைக்க. வெளியே தொங்கவிடின், கவிழ்ந்த வேளையில் காலைப் பிணிக்கும்.

பாட்டரி பெரும்பாலும் 12 வோல்ட் உடையது. கருவி அரை ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளும் எனின், 7 ஆம்பியர்-மணி பாட்டரி கணக்கின்படி 14 மணி நேரம் உழைக்கும். ஆனால் ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடித்தல் அதன் ஆயுளைக் குறைக்குமாதலால் 7 மணி நேரம் எனக் கொள்வதே முறை. லித்தியம் வகை எடை குறைந்தது; விலை மிகுந்தது. எதுவாயினும் நீர்புகாப் பெட்டியில் இட்டு, படகின் நடுக்கோட்டில், அசையாதபடி கட்டிவைக்க. நேர்முனைக்கு அருகில், கருவி செய்தோர் கூறிய அளவுள்ள பியூஸ் இடுதல் வேண்டும்.

இறுதியாக ஒரு சொல். சரியாக அடைக்கப்படாத சிறு துளை வழியே நீர் மெல்ல மெல்ல உட்கூட்டிற் புகும். மேலே அமர்ந்தோன் அதனை அறியான். அவன் கண் திரையிலுள்ள மீன்மேல் இருக்கும். உள்ளே புகுந்த நீர் படகு சாயும் பக்கத்துக்கே ஓடிச் சாய்வை மிகுவிப்பதால், கரைக்கு எட்டாத இடத்தில் படகு கவிழவும் கூடும். ஆதலின் கருவியைப் பொருத்தியபின் முதற்பயணம் மீனுக்காக ஆகாதிருக்கட்டும். உயிர்காப்புச் சட்டை அணிந்து, துணைவர் ஒருவர் உடனிருக்க, ஆழமற்ற அமைந்த நீரில் படகை ஒருமுறை கவிழ்த்து மீண்டும் அதன்மேல் ஏறிப் பார்க்க. பெட்டி மார்பில் இடிக்கின்றதா, கம்பி காலிற் சுற்றுகின்றதா, உட்கூட்டில் நீர் உள்ளதா என ஆராய்க. குறை காணின் அன்றே திருத்துக.

ஒலியை அனுப்பி ஆழத்தை வினவுவோன், அதற்கு முன்னரே தன் படகை வினவி விடை பெற்றிருத்தல் வேண்டும். மீன் இன்று அகப்படாவிடின் நாளை அகப்படும். கரைக்கு மீள்பவனுக்கே அந்த நாளை உண்டு.