பேசும் கணினியை நிறுத்துவதற்கு முன்

எங்கள் கண் மருத்துவப் பிரிவுக்கு மறுபரிசோதனைக்கு வரும் குடும்பத்தினர் கணினியைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. "திடீரென்று கணினி தானாகவே பேசத் தொடங்கிவிட்டது, எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொல்கிறது, வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பயந்து கடைக்கு எடுத்துச் சென்றோம்" என்பது ஒன்று. "அப்பாவுக்குப் பார்வை மங்கியதிலிருந்து கணினியை மூடி அலமாரியில் வைத்துவிட்டோம்" என்பது மற்றொன்று. முதல் வீட்டில் தற்செயலாக விழித்துக்கொண்ட அதே வசதிதான் இரண்டாம் வீட்டில் எவரும் தொடாமல் உறங்குகிறது.

திரையில் உள்ள எழுத்துகளையும் பொத்தான்களையும் குரலில் சொல்லும் இந்த மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். விண்டோஸ் கணினிகளில் இது 'நரேட்டர்' என்ற பெயரில் விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. ஆப்பிள் கணினிகளில் 2005 முதல் 'வாய்ஸ்ஓவர்' என்ற பெயரில் உள்ளது. இவற்றைத் தனியே வாங்க வேண்டியதில்லை. கணினியோடு சேர்ந்தே வருகின்றன.

விண்டோஸ் 10, 11 கணினிகளில் விண்டோஸ் விசை, கண்ட்ரோல் விசை ஆகிய இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்டர் விசையைத் தட்டினால் நரேட்டர் பேசத் தொடங்கும். மீண்டும் அதே மூன்றையும் அழுத்தினால் நின்றுவிடும். ஆப்பிள் கணினியில் கமாண்ட் விசையுடன் எஃப்5 விசையை அழுத்த வேண்டும். சில மடிக்கணினிகளில் கூடவே எஃப்என் விசையும் தேவைப்படும். விண்டோஸ் விசை, விசைப்பலகையின் கீழ் வரிசையில் இடப்பக்கம் ஆல்ட் விசையை ஒட்டி இருக்கும். அதன்மீது கல் பதித்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்; விரல் அதைத் தானே கண்டுகொள்ளும். எங்கள் நோயாளி ஒருவரின் மனைவி கண்டுபிடித்த வழி இது. இதைவிடச் சிறந்த வழியை நாங்கள் இதுவரை எவருக்கும் சொன்னதில்லை.

நிறுத்துவது எப்படி என்று தெரிந்துகொள்வது போலவே, எப்போது நிறுத்தக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். கண் நீர் அழுத்த நோயால் இரு கண்களிலும் பார்வையைப் பெரிதும் இழந்த ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவருக்கு நரேட்டரைப் பயன்படுத்தக் கற்பித்து அனுப்பினோம். நாள்தோறும் செய்தி கேட்பதும் மின்னஞ்சல் எழுதுவதுமாக உற்சாகமாக இருந்தார். மூன்று மாதம் கழித்து வந்தவர், "எனக்கு மறதி நோய் வந்துவிட்டது, டாக்டர். அந்த மூன்று விசைகளும் நினைவில் இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் பேசவில்லை" என்றார். அவர் எதையும் மறக்கவில்லை. வீட்டில் பேரனுக்குத் தேர்வு. சத்தம் இடையூறாக இருக்கிறதென்று யாரோ நரேட்டரை நிறுத்தியதோடு, அமைப்புகளுக்குள் சென்று அந்தக் குறுக்குவிசையையும் செயலிழக்கச் செய்திருந்தார்கள். அவரிடம் சொல்லவில்லை. பிழை எங்களுடையதும்தான்: அவருக்கு மட்டும் கற்பித்தோம், உடன் வந்த மகனை வெளியே காத்திருக்கச் சொல்லியிருந்தோம்.

சத்தம் தொந்தரவாக இருந்தால் கண்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டுங்கள். அந்த நேரத்துப் பேச்சு மட்டும் நிற்கும், நரேட்டர் தொடர்ந்து இயங்கும். இன்னும் நல்லது, காதொலிக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுப்பது. வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் இந்தக் குரல் உரக்கவே படிக்கும் என்பதால், பொது இடங்களில் காதொலிக் கருவி கட்டாயம் என்றே சொல்வோம். நரேட்டர் இயங்கும்போது கேப்ஸ் லாக் விசை அதன் கட்டளை விசையாக மாறிவிடும். பெரிய எழுத்து வேண்டுமானால் அதை விரைவாக இருமுறை தட்ட வேண்டும். கடவுச்சொல் பலமுறை தவறாகிப் போனால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

தற்செயலாக இயங்கித் தொல்லை தருகிறது என்போர், விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என் எழுத்து மூன்றையும் அழுத்தினால் நரேட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். குறுக்குவிசையை அங்கே நிறுத்தலாம். வீட்டில் பார்வைக் குறையுள்ள எவரும் அந்தக் கணினியைப் பயன்படுத்தவில்லை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

புதுவைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கே ஒரே வீட்டில் தமிழ் நாளிதழும் ஆங்கில மின்னஞ்சலும் பிரெஞ்சு ஓய்வூதியக் கடிதமும் படிக்கப்படுகின்றன. ஆங்கிலக் குரல் மட்டும் உள்ள கணினி தமிழ்ப் பத்தியை மௌனமாகக் கடந்துவிடும். கேட்பவர் பக்கம் வெறுமையாக இருக்கிறதென்று நினைத்துக்கொள்வார். பிரெஞ்சுச் சொற்களையோ ஆங்கிலம் போலக் கடித்துத் துப்பும். பாரிசிலிருந்து மகள் எழுதிய மடலை அப்படிக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் சிரித்த சிரிப்பு எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. விண்டோஸ் அமைப்புகளில், மொழிக்கான பகுதிக்குள் 'ஸ்பீச்' என்ற இடத்தில் கூடுதல் குரல்களைச் சேர்க்கலாம். தமிழ்க் குரலுக்கு 'வள்ளுவர்' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக்கும் குரல்கள் உண்டு.

என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானும் தமிழ் படிக்கும். குரல் சற்று இயந்திரத்தனமாக இருக்கும். 2006-இல் அதைத் தொடங்கிய மைக்கேல் கரன், அவருடன் சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டே ஆகிய ஆஸ்திரேலியர்கள் இருவருமே பார்வையற்றவர்கள். சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன், ஜாஸ் என்ற திரைவாசிப்பானின் துணையுடன் படித்து, முழுமையாகப் பார்வையற்றவர்களில் முதலாமவராக 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

திரைவாசிப்பான் நிரந்தரமாகப் பார்வை இழந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். விழித்திரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர்களைச் சில நாட்கள் முகம் கவிழ்த்தே இருக்கச் சொல்கிறோம். அந்த நாட்களில் கணினி படித்துக் காட்ட, அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம், குணமானதும் நிறுத்திவிடலாம். "காதால் கேட்டுப் பழகினால் மிச்சமுள்ள பார்வையும் சோம்பிப் போகுமா?" என்று கேட்கிறார்கள். போகாது. பார்வை ஓரளவு எஞ்சியவர்கள் விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தித் திரையைப் பெரிதாக்கிக் கண்ணாலும் படிக்கலாம். கண் களைத்தால் குரலுக்கு மாறலாம். அதனால் எந்தத் தீங்கும் இல்லை.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது மடிக்கணினியையும் அதன் சார்ஜரையும் எடுத்து வாருங்கள். வீட்டில் அந்தக் கணினியை வேறு யார் தொடுகிறார்களோ அவரும் உடன் வரட்டும். இம்முறை அவரை வெளியே காத்திருக்கச் சொல்ல மாட்டோம்.