கண்காட்சியில் கடை போட்டால் போதுமா? மொய் எழுத வேண்டாமா?

பரணிலிருந்து பொத்தென்று விழுந்தது அந்த மஞ்சள் பை.

ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்த அக்கா, "ஏனுங்க... இதென்ன மூட்டை?" என்று பையைக் கவிழ்த்தாள். சீட்டுக்கட்டு மாதிரி சரிந்து விழுந்தன விசிட்டிங் கார்டுகள். மொத்தம் 340. எண்ணியது நான்தான்.

மாமா முகத்தில் ஈயாடவில்லை.

கோவை கணபதியில் மாமாவுக்குச் சின்னதாக ஒரு பட்டறை. ஓட்டல்களுக்கும் கேன்டீன்களுக்கும் சாய்த்து ஊற்றுகிற பெரிய கிரைண்டர் செய்கிறார். அந்த வருஷம் ஜனவரியில் சென்னையில் நடந்த ஓட்டல் சாதனக் கண்காட்சியில் ஸ்டால் போட்டார். அக்காவின் நாலு வளையல் பேங்குக்குப் போய், அந்தப் பணத்தில் போட்ட ஸ்டால் அது. வந்தவர்கள் கொடுத்த கார்டுகள்தான் ஒன்பது மாசமாகப் பரணில் தூங்கிக்கொண்டிருந்தன.

"இதுல ஒருத்தருக்காவது போன் பண்ணீங்களா?"

"வேணும்னா அவங்களே கூப்பிடுவாங்க அம்மிணி..."

அக்கா ஒரு கார்டை உருவி, அங்கேயே போன் போட்டாள். மதுரையில் ஒரு கேன்டீன் கான்ட்ராக்டர். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க மெஷின் பிடிச்சிருந்துச்சும்மா. நீங்க கூப்பிடுவீங்கன்னு ஒரு மாசம் பார்த்தோம். அப்புறம் வேற இடத்துல ஆறு மெஷின் எடுத்துட்டோம்."

ஆறு மெஷின்! ஒரு மெஷினுக்கு மாமாவுக்கு நிற்கும் லாபம் 9,000 ரூபாய். 54,000 ரூபாய் பரணில் தூசி படிந்து கிடந்திருக்கிறது. அக்கா எதுவும் பேசாமல் உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றார் மாமா.

முதல் வருஷக் கூத்து

ஸ்டால் வாடகைதான் செலவு என்று நினைத்துக் கிளம்பினார் மனுஷர். ஒன்பது சதுர மீட்டர், அதாவது மூன்றுக்கு மூன்று. சதுர மீட்டருக்கு 9,000 வீதம் 81,000. அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 14,580. ஆக 95,580.

அப்புறம்தான் மற்றவை வரிசையாக வந்தன. மெஷின் போய்வர வேன் 32,000. மூன்று பேருக்கு ரூம், சாப்பாடு 30,000. பேனரும் 5,000 நோட்டீஸும் 24,000. பெயர் போட்ட கீ-செயின் 15,000. பட்டறை ஆட்களின் சம்பளம் 12,000. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாடகை அதில் பாதிகூட இல்லை. வெளியூர்க் கண்காட்சிக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வாடகையைப் பார்த்து முடிவெடுத்தால் வேன்காரரும் லாட்ஜ்காரரும் சேர்ந்து பாடம் நடத்துவார்கள்!

அடுத்த கூத்து கரண்ட். சாதாரண ஸ்டாலுக்கு ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சில விளக்குகள், சின்ன பிளக் ஒன்று... அவ்வளவுதான் தருவார்கள். கூடுதல் கரண்ட் வேண்டுமானால் முன்கூட்டியே பாரம் நிரப்பிப் பணம் கட்ட வேண்டும். ஸ்டால் எடுத்தவர்களுக்கு அனுப்பும் விதிமுறைப் புத்தகத்தில் அது தெளிவாகத்தான் இருந்தது. மாமா அந்தப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. முதல் நாள் காலையில் சாமி கும்பிட்டு, தேங்காய் உடைத்து, கிரைண்டர் சுவிட்சைப் போட்டார். டப்! வரிசையில் இருந்த ஆறு ஸ்டால் இருட்டு.

அதன்பிறகு மூன்று நாளும் கல் சுற்றவே இல்லை.

"ஓட்டிக் காட்டுங்க சார்."

"கோயமுத்தூர் வாங்க, காட்டறேன்."

விற்கிற திருவிழா, காட்டுகிற திருவிழா

கண்காட்சி என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி. ஜனங்கள் குடும்பத்தோடு வருவார்கள், டெல்லி அப்பளம் சாப்பிடுவார்கள், பிடித்ததை அங்கேயே வாங்கிப் போவார்கள். ஊறுகாய், சேலை, பொம்மை என்று கையோடு விற்கும் சரக்குக்கு அது லாயக்கு.

இன்னொன்று, சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் கோவை கொடிசியா வளாகத்திலும் நடக்கும் தொழிற்கண்காட்சிகள். அங்கே மாதிரியைத்தான் காட்ட வேண்டும். ஆர்டர் பின்னால்தான் வரும். இந்த மாற்றத்துக்குப் பெயர் போன ஊர் ஜெர்மனியின் லைப்சிக். நூற்றாண்டுகளாக வண்டி வண்டியாகச் சரக்கைக் கொண்டுவந்து விற்ற சந்தை, 1895-ல் மாதிரிகளை மட்டும் காட்டும் சந்தையாக மாறியது. ரயில் வந்துவிட்டது, தொழிற்சாலையில் ஒரே அச்சாகப் பொருள் வந்தது, ஒன்றைப் பார்த்து ஆயிரத்துக்கு ஆர்டர் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. அப்புறம் எதற்கு மூட்டை சுமக்க வேண்டும்?

டெல்லியில் ஆண்டுதோறும் நவம்பர் 14-ல் தொடங்கும் இந்தியப் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. முதல் சில நாட்கள் வியாபாரிகளுக்கு, பிறகுதான் பொதுமக்களுக்கு.

நம் சரக்கு எந்த ஜாதிக் கண்காட்சிக்கு ஏற்றது என்று முதலில் தெரிய வேண்டும். முடிந்தால், ஸ்டால் எடுப்பதற்கு முந்தைய வருஷம் அதே கண்காட்சிக்குச் சும்மா ஒரு பார்வையாளராகப் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள். எந்த மூலையில் கூட்டம், எந்த மூலையில் கொசு என்று தெரிந்துவிடும்!

அக்கா கையில் நோட்டு

மஞ்சள் பை விழுந்து ஒரு வாரம் வீட்டில் மௌனம். எட்டாம் நாள் அக்கா கழுத்துச் செயினைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"வர்ற ஜனவரிக்கும் ஸ்டால் போடுங்க. ஆனா, நோட்டு எங்கிட்ட இருக்கோணும்."

"வேண்டாம் அம்மிணி. ஒருதரம் பட்டது போதும்."

"ஏனுங்க, நம்ம வீட்ல ரெண்டு கல்யாணம் நடத்தியிருக்கறேன். பத்திரிகை அடிக்காம, மொய் எழுதாம யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா? நீங்க பந்தலை மட்டும் போட்டுட்டு வந்துட்டீங்க!"

அக்காவின் வழி இதுதான். கண்காட்சி மூன்று நாள் கல்யாணம். வேலை முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது.

முதலில் கணக்கு. கீ-செயின் கிடையாது. நோட்டீஸ் ஆயிரம் போதும். ஆனாலும் செலவு 1,85,000 வரும். மெஷினுக்கு 9,000 லாபம் என்றால், 21 மெஷின் விற்றால்தான் முதல் தேறும். ஐந்து பேரிடம் ஒழுங்காகப் பேசினால் ஒருவர் வாங்குவார் என்று வைத்துக்கொண்டாலும், நூறு பேரிடமாவது நிதானமாகப் பேசியாக வேண்டும். "அஞ்சாயிரம் பேருக்கு நோட்டீஸ் கொடுக்கறதை விட்டுப்போட்டு, நூறு பேரைப் பிடிங்க" என்றாள். தணிக்கையாளர் தோற்றார்!

அடுத்து அரசாங்க உதவி. உத்யம் பதிவு உள்ள குறு, சிறு தொழில்கள் அங்கீகரிக்கப்பட்ட கண்காட்சிகளில் கலந்துகொண்டால், ஸ்டால் வாடகையில் ஒரு பகுதியைத் திரும்பத் தரும் திட்டம் மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சகத்தில் இருக்கிறது. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்குச் சலுகை கூடுதல். ஆனால் பணம் பின்னால்தான் வரும். முதலில் நம் கைக்காசு. எந்தக் கண்காட்சிக்கு உண்டு, எவ்வளவு உண்டு என்பதை ஸ்டாலுக்கு முன்பணம் கட்டும் முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள். வாடகைக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யையும் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் பில்லைக் கொடுக்க மறக்காதீர்கள்.

வெளி மாநிலத்துக்குப் போய் அங்கேயே விற்பதாக இருந்தால் இன்னொரு வேலை உண்டு. அந்த மாநிலத்தில் தாற்காலிக ஜி.எஸ்.டி. பதிவு வாங்க வேண்டும். உத்தேச வரியை முன்னதாகக் கட்ட வேண்டும். அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். கைவினைஞர் சிலருக்கு விலக்கு உண்டு. இதையும் ஆடிட்டரிடம் கேட்பதே உத்தமம்.

ஊறுகாய்க்காரர் அடித்த பத்திரிகை

கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பதுபோல, கண்காட்சிக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும். இதற்கு ஒரு பழைய அமெரிக்கக் கதை உண்டு.

1893-ல் சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி. ஊறுகாய் வியாபாரி ஹென்றி ஹெய்ன்ஸுக்குக் கிடைத்த இடம் மாடியில். கீழேயே சுற்றிக் களைத்த ஜனம் மாடிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. சின்னச் சின்ன அட்டைகள் அச்சடித்து மைதானம் முழுக்கப் போட வைத்தார். 'இதைக் கொண்டுவந்தால் இலவசப் பரிசு' என்று அதில் செய்தி. பரிசு என்னவோ ஊறுகாய் வெள்ளரிக்காய் வடிவத்தில் பச்சையாக ஒரு குட்டிப் பதக்கம்தான். கூட்டம் மாடிப்படியில் முட்டி மோதியது. தளம் தாங்காது என்று முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று என்று சொல்வார்கள்.

மூலை ஸ்டால் கிடைத்தால் முடங்க வேண்டியதில்லை. வரவைக்க வேண்டும். அக்கா அந்த 340 கார்டையும் பிரித்தாள். ஓட்டல், கேன்டீன், கல்யாண மண்டபம் என்று தேறியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் நாலே வரி: "சென்ற முறை மெஷின் ஓடவில்லை. மன்னிக்கவும். இந்த முறை ஓடும். உளுந்து ஊற வைத்துக் காத்திருக்கிறோம்." கூடவே ஸ்டால் நம்பர்.

மன்னிப்புக் கேட்டதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவர்கள் இருபது பேருக்கு மேல்!

மிதந்தது மாவு, நின்றது கூட்டம்

இந்த முறை கரண்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டியாயிற்று. லாட்ஜ் ரூமிலேயே உளுந்து ஊறியது. கல் சுற்றத் தொடங்கியதும் அக்கா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தாள். மாவு பொங்கி வந்ததும் ஒரு சொட்டு எடுத்து உள்ளே போட்டாள். மூழ்காமல் மிதந்தது. நன்றாக அரைபட்ட உளுந்துமாவு மிதக்கும் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால், நூறு பேருக்கு இட்லி ஊற்றுகிற ஓட்டல்காரர் அங்கேயே நின்றுவிட்டார். நோட்டீஸ் சொல்லாததை ஒரு சொட்டு மாவு சொல்லிவிட்டது.

அடுத்த கேள்விகள் சடசடவென்று வந்தன. எத்தனை நிமிஷம்? மாவு சூடாகுமா? கல் தேய்ந்தால் யார் வந்து கொத்துவார்? மாமாவுக்கு இதற்கெல்லாம் பதில் மனப்பாடம். விற்பனைப் பேச்சு வராது, மெஷின் பேச்சு வரும். அதுவே போதுமாக இருந்தது.

இன்னொரு சட்டமும் போட்டிருந்தாள். ஸ்டாலில் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டக் கூடாது. "பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்ல நிக்கோணும். உக்காந்துட்டு இருந்தா யாரு உள்ள வருவாங்க?"

சாயங்காலம் அரைத்த மாவெல்லாம் பக்கத்து ஸ்டால்காரர்களுக்குப் பொட்டலமாகப் போனது. மூன்றாம் நாள் அவர்களே கஸ்டமர்களைக் கூட்டிவந்தார்கள்.

மொய் நோட்டு

இப்போதுதான் விஷயமே. வந்தவர் கார்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்ததும், அக்கா நீள நோட்டில் எழுதிவிடுவாள். பெயர், ஊர், என்ன கேட்டார், எப்போது வேண்டும். ஓரத்தில் மூன்று குறியில் ஒன்று.

'மு' என்றால் முகூர்த்தம் குறித்தாயிற்று. மூன்று மாசத்துக்குள் வாங்கப்போகிறவர். 'பொ' என்றால் பெண் பார்க்க வந்தவர். நாலு இடம் விசாரிப்பார். 'ப' என்றால்... பந்திக்கு வந்தவர்!

மூன்று நாளில் 118 பெயர். போன தடவையில் மூன்றில் ஒரு பங்குதான். மாமா கொஞ்சம் வாடிப் போனார். "முகூர்த்தம் முப்பத்தொண்ணு இருக்குதுங்க" என்றாள் அக்கா.

ஊர் திரும்பியதும் வேனிலிருந்து மெஷினை இறக்கும் முன்பே போன் வேலை ஆரம்பம். 'மு'வுக்கு மூன்று நாளுக்குள் பேச்சும் விலைப்பட்டியலும். 'பொ'வுக்கு ஒரு வாரத்துக்குள் மெஷின் ஓடும் வீடியோ, மாசம் ஒருமுறை ஒரு விசாரிப்பு. 'ப'வுக்கு ஒரு நன்றி, ஒரு கும்பிடு. கண்காட்சிக்கு வருகிறவர் ஒரே நாளில் ஐம்பது ஸ்டால் பார்க்கிறார். பத்து நாள் கழித்து நம்மை யாரென்றே அவருக்குத் தெரியாது. சூடு ஆறுவதற்குள் கூப்பிட வேண்டும்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் 26 மெஷின் போயிற்று. லாபம் 2,34,000. செலவு 1,85,000 கழித்து, மிச்சம் 49,000. பெரிய புதையல் இல்லை. முதல் வருஷ நஷ்டம் இன்னும் முழுதாக அடையவில்லை. ஆனால் அக்காவின் செயின் கழுத்துக்கு வந்துவிட்டது. வளையல் மட்டும் இன்னும் பேங்கில்.

மாமாவிடம் கேட்டேன். "வர்ற ஜனவரிக்கு என்ன பிளான் மாமா?"

"ஸ்டால் உண்டு மாப்ளே. போன வாரமே உங்கக்கா பத்திரிகை அனுப்பிட்டா."

"நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

மாமா பரணைப் பார்த்தார். அந்த மஞ்சள் பை அங்கே இல்லை. கொல்லையில் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

"நானா? உளுந்து ஊற வைக்கற வேலை என்னுதுங்க!"