தட்டில் வளர்ந்த செல்லும் அரியலூர் தடுப்பூசியும்

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் பதினான்கு வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாக இலவசமாக வழங்கத் தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. முதற்கட்டத்துக்குத் தெரிவான மாவட்டங்களுள் அரியலூரும் பெரம்பலூரும் அடங்கும். அரியலூர் மாவட்டத்துக் கல்லங்குறிச்சியில் ஒரு சிறுமியின் கையில் ஏறும் அரை மில்லி மருந்துக்குப் பின்னால், ஆய்வகத்தில் கண்டதை நோயாளிக்குப் பயன்படும்படி மாற்றும் ஆராய்ச்சியின் முக்கால் நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது.

அந்த உழைப்பின் முதல் கருவி ஓர் ஏழைப் பெண்ணின் உடலிலிருந்து வந்தது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் ஒப்புதல் கேளாமலே எடுக்கப்பட்ட செல்கள் கண்ணாடித் தட்டில் சாகாமல் பெருகிக்கொண்டே போயின; அவர் அவ்வாண்டே இறந்துவிட, ‘ஹீலா’ என்று பெயரிடப்பட்ட அச்செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. அறிவியல் அவருக்குப் பட்ட கடன் பெரிது. அது அடைபட்டதாகச் சொல்ல முடியாது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மனித பாப்பிலோமா வைரஸே (எச்.பி.வி.) காரணம் என்று கருதிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசனின் குழு, 1983இல் அவ்வைரஸின் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் கட்டித் திசுக்களிலிருந்து பிரித்தெடுத்தது. டி.என்.ஏ.வின் ஓர் இழை தனக்குப் பொருந்தும் இழையோடு மட்டுமே ஒட்டும் என்பதால், அடையாளமிட்ட வைரஸ் இழையைத் தூண்டிலாக்கி எந்தத் திசுவிலும் அவ்வைரஸின் எச்சத்தைத் தேடலாம். அவ்வாறு தேடியபோது ஹீலா செல்களிலேயே 18ஆம் வகையின் மரபணுக்கள் அகப்பட்டன. சுர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார்.

வைரஸின் இ6 என்ற புரதம், சேதமடைந்த செல்லைப் பெருகவிடாமல் தடுக்கும் பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது. இ7 என்ற புரதம் ஆர்.பி. என்ற மற்றொரு தடையை முடக்குகிறது. இவ்விரண்டையும் அடக்கினால், பல பத்தாண்டுகளாகத் தட்டில் பெருகிவந்த ஹீலா செல்கள்கூட வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன என்பதுதான் வைரஸுக்கு எதிரான வலிய சாட்சி.

ஆயினும் தட்டில் வளரும் செல்லுக்கு இரத்த ஓட்டமும் இல்லை, நோய் எதிர்ப்பாற்றலும் இல்லை; எனவே தடுப்பூசி பலிக்குமா என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது. இவ்வைரஸ் எலியைத் தொற்றுவதுமில்லை. ஆகவே ஆய்வாளர்கள் நாயின் வாயில் மருக்களை உண்டாக்கும், அதே இனத்தைச் சேர்ந்த வைரஸை நாடினர். 1991இல் ஆஸ்திரேலியாவில் இயான் ஃபிரேசரும் ஜியான் ஷோவும், வைரஸின் மேலோட்டுப் புரதங்கள் தாமாகவே கூடி வைரஸ் வடிவக் கூடாவதைக் காட்டியிருந்தனர். பார்வைக்கு நெல்லாக இருந்தும் உள்ளே அரிசியில்லாத பதரைப் போல், மரபணு இல்லாத அந்தக் கூடு நோயை உண்டாக்காது, ஆனால் உடலை எச்சரிக்கும். நாய் வைரஸின் இத்தகைய கூட்டைச் செலுத்திய பீகிள் நாய்கள் தொற்றிலிருந்து தப்பியதாக 1995இல் ஆய்வு வெளியானது. அதே தத்துவத்தில் ஈஸ்ட் செல்களைக் கொண்டு சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்த ‘செர்வாவேக்’ எச்.பி.வி. தடுப்பூசி 2022இல் இந்திய ஒப்புதல் பெற்றது.

எனினும் ஏற்கெனவே பற்றிய தொற்றைத் தடுப்பூசி போக்காது. சிறுமிக்கு ஊசி போட்டதோடு அவள் தாயை மறந்துவிடும் திட்டம் அரைத் திட்டமே. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெளுத்துத் தோன்றும் இடத்தைக் கண்டறியும் எளிய சோதனையை, பயிற்சி பெற்ற செவிலியரைக் கொண்டு திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செய்து பார்த்த ஆய்வு 2007இல் வெளியானபோது, இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. முப்பது வயதைக் கடந்த பெண்கள் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். மகளை ஊசிக்கு அழைத்துச் செல்லும் நாளிலேயே தாயும் அதைக் கேட்கலாம்.