ராட்செட் ஸ்பானர்



மோட்டார் வண்டியில் கை நுழையவும் இடமில்லாத மூலையிலே ஒரு நட்டு இருக்கிறது. சாதாரண ஸ்பானரை அறுகோண நட்டில் மாட்டினால், பொதுவாக 60 பாகை திருப்பிய பின்னரே கழற்றி மீண்டும் மாட்டலாம். ராட்செட் ஸ்பானருக்கு அத்தொல்லை இல்லை. அதன் தலைக்குள்ளே ஒரு பற்சக்கரமும், சுருள்வில் உந்தும் சிறு நாக்கும் உள்ளன. ஒரு திசையில் நாக்குப் பல்லைப் பற்றும். மறு திசையில் 'கிறுகிறு' என்று தாண்டிச் செல்லும். 72 பற்கள் இருப்பின் 5 பாகை அசைவே போதும்.

ஆயின், அதன் வலிமை முழுவதும் அச்சின்னஞ்சிறு பற்களிலேயே தங்கியிருக்கிறது. துருவேறி இறுகிய நட்டை இதனால் நெம்புவதும், பிடியிலே குழாயைச் செருகி நீட்டுவதும் தகா. பல் சிதைந்து ஸ்பானர் சடுதியாக வழுகினால், விரல் மூட்டுகள் இரும்பில் மோதும். பற்சக்கரமற்ற நீண்ட பிடியால் முதலில் நட்டைத் தளர்த்துக. பின்னர் ராட்செட்டை எடுக்கலாம். அதனையும் தள்ளாது, தம்மை நோக்கி இழுப்பதே பாதுகாப்பானது.

தடித்த கிறீஸை உள்ளே அடைப்போர் நன்மை செய்வதாகவே எண்ணுகின்றனர்! அது நாக்கை மந்தப்படுத்தும். பல்லை அரைகுறையாகவே பற்ற விடும். மூடியைக் கழற்றி, உறுப்புகளை மண்ணெண்ணெயிற் கழுவி உலர்த்தி, மெல்லிய எண்ணெய் ஓரிரு துளி இட்டாற் போதுமானது. கழற்றுமுன் கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். சுருள்வில் தெறித்தால் தேடிப் பிடிப்பது எளிதன்று.

பூட்டிய பின் காதருகே வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஒலி இடையிடையே விட்டுப் போயின், பல்லோ நாக்கோ தேய்ந்திருக்கக்கூடும். பழுதானதை மாற்றும்வரை அதனால் எந்த நட்டையும் இறுக்க வேண்டாம்.