முதல் பத்துப் பக்கம், கடைசிப் பத்துப் பக்கம்

தறியும் நிரலும் – 11

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் புது டிசைன் புடவை ஏறினால், அடுத்த முகூர்த்த மாதத்துக்குள் அதே கரையும் அதே முந்தியும் எதிர்க்கடையிலும் ஏறிவிடும். வண்ணம் மட்டும் மாறியிருக்கும். முதலில் போட்டவருக்கு எரிச்சல்தான். ஆனால் சட்டத்திடம் போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தின்படி பதிவு செய்திருந்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. பதியாமல் விட்டால்? பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கறாராகப் பேசுகிறது: பதியத்தக்க டிசைனைப் பதியாமல், தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால் அதன் பதிப்புரிமை அத்தோடு தீர்ந்தது. (கைத்தறி அந்தத் ‘தொழில்முறை’க்குள் வருமா என்று வக்கீல்கள் வேண்டுமானால் சண்டை போடலாம்.) புவிசார் குறியீடு இருக்கிறதே என்றால், அது ‘காஞ்சிபுரம் பட்டு’ என்ற பெயரைக் காக்கிறது. புடவையில் ஓடும் அன்னத்தையும் மாங்காயையும் யாளியையும் அல்ல.

அதே பதிப்புரிமைச் சட்டத்தில்தான் கணினி நிரலும் இருக்கிறது, ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகையில். நாவலுக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு: எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு. அமெரிக்காவில் நிறுவனத்துக்காக எழுதப்பட்டதென்றால் வெளியானதிலிருந்து 95 ஆண்டு. 1988-ல் வந்த மைக்ரோசாஃப்டின் எம்.எஸ். டாஸ் 4 இயங்குதளம், உரிமையாளர் தானாக மனமிரங்காவிட்டால், அங்கே 2083 கடைசியில்தான் பொதுச்சொத்தாகும். அத்திவரதர் அடுத்து 2059-ல் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளி, தரிசனம் தந்து, மறுபடி நீருக்குள் சயனித்த பிறகும் பூட்டுக்கு 24 ஆண்டு மிச்சம் இருக்கும். பத்து ஆண்டில் குப்பைக்குப் போகிற பொருளுக்கு இவ்வளவு நீண்ட காவலா என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் பேசினார். ஜக்கார்டு அட்டை குத்துகிறவர். டாஸில் மட்டும் ஓடுகிற ஒரு பழைய டிசைன் மென்பொருளுக்காகவே ஒரு கிழட்டுக் கணினியை உயிரோடு வைத்திருக்கிறார். “ஏன் சார், கம்பெனிக்காரன் அதை விக்கறதை நிறுத்தி முப்பது வருஷம் ஆச்சு. அவனுக்கும் பிரயோஜனம் இல்ல, நமக்கும் இல்ல. சும்மா எடுத்து வெளிய விட்டா என்ன?” என்றார்.

நியாயமான கேள்வி. கம்பெனிக்காரன் கஞ்சன் என்று பதில் சொல்லி முடித்துவிடலாம். சில நேரம் அதுவும் உண்மைதான். ஆனால் விட நினைத்தவர்களே விட முடியாமல் தவித்த கதைதான் அதிகம். ‘இது என்னுடையதுதான்’ என்று முழு நிச்சயத்தோடு சொல்ல அவர்களாலேயே முடிவதில்லை.

மைக்ரோசாஃப்டையே எடுத்துக்கொள்வோம். டாஸ் அங்கே பிறந்த குழந்தை அல்ல. சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதியதை 1981-ல் விலைக்கு வாங்கினார்கள். அதன் 1.1, 2.0 பதிப்புகளின் மூலநிரலை 2014-ல் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாக வெளியிட்டார்கள், படித்துப் பார்க்க மட்டும் என்ற நிபந்தனையோடு. எடுத்துத் திருத்தலாம், விற்கலாம் என்ற எம்.ஐ.டி. உரிமம் வர 2018 ஆனது. 2024 ஏப்ரலில் 4.00 வந்தது. அதை உருவாக்கியதில் ஐ.பி.எம்.முக்கும் பங்கு உண்டு என்பதால் இருவரும் சேர்ந்தே வெளியிட்டார்கள். வரிசையைக் கவனியுங்கள்: 1, 2, பிறகு நேராக 4. நம் ஊரில் பலர் கணினி கற்றுக்கொண்ட 5-ம் 6-ம் அந்தப் பட்டியலில் இல்லை.

1993-ல் வந்த டாஸ் 6-ஐப் பிரித்துப் பார்த்தால் காரணம் ஊகிக்க முடியும். அதன் வைரஸ் தடுப்பும், அழித்த கோப்பை மீட்கும் கருவியும் சென்ட்ரல் பாயின்ட் நிறுவனத்திடம் உரிமம் வாங்கியவை. பேக்கப்பும் டிஃப்ராக்கும் சைமான்டெக்குடையவை. வட்டின் கொள்ளளவை இரட்டிப்பாகக் காட்டும் ‘டபுள்ஸ்பேஸ்’ தங்கள் காப்புரிமையை மீறியது என்று ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் வழக்குப் போட்டு, 1994-ல் ஜூரி 12 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, 6.21 பதிப்பிலிருந்து அந்தப் பகுதியையே பிடுங்கி எறிந்தார்கள். கோர்வைப் புடவை நெய்வது மாதிரி இது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, தறியில் இரண்டு பேர். கரை நெய்தவன் தன் இழையைத் திருப்பிக் கேட்டால் உடல் மட்டும் தனியாக நிற்காது.

சரி, கரைக்காரர்களிடம் கேட்டு வாங்கலாமே? யாரிடம் என்பதுதான் தலைவலி. சென்ட்ரல் பாயின்ட்டை 1994-ல் சைமான்டெக் வாங்கியது. சைமான்டெக்கின் பெருநிறுவன வியாபாரத்தை 2019-ல் பிராட்காம் வாங்கியது. மிச்சம் நார்டன்லைஃப்லாக் ஆகி, 2022-லிருந்து ஜென் டிஜிட்டல் என்ற பெயரில் இருக்கிறது. 1993-ல் எழுதிய ஒரு மீட்புக் கருவியின் உரிமை இந்தப் பாகப்பிரிவினையில் யார் பங்குக்குப் போனது என்று தேடிக் கொடுக்க ஒரு வக்கீல் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். ஒரு ரூபாய் வருமானம் தராத வேலைக்கு எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்? காப்புரிமையாவது 20 ஆண்டில் தானாகக் காலாவதியாகும். ஸ்டாக்கின் பூட்டு இன்று துருப்பிடித்து விழுந்துவிட்டது. பதிப்புரிமைப் பூட்டுத்தான் விழவில்லை.

ஐ.பி.எம்.மின் ஓஎஸ்/2 இயங்குதளத்துக்கும் இதே கதி. திறந்துவிடுங்கள் என்று பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டு இரண்டு முறை மனு கொடுத்தார்கள். 2008-ல் ஐ.பி.எம். முடியாது என்றது, வணிக, தொழில்நுட்ப, சட்டக் காரணங்களைச் சொன்னது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் கூடவே உட்கார்ந்து எழுதியவர்கள் மைக்ரோசாஃப்ட்காரர்கள் என்பதை நினைத்தால், மூன்றில் எது கனமான காரணம் என்று தெரியும். சன் நிறுவனம் துணிந்து 2005-ல் தன் சோலாரிஸ் இயங்குதளத்தைத் திறந்தது. அப்போதும் பல மொழிகளைக் கையாளும் பகுதி உட்படச் சில துண்டுகள் மூடியே கிடந்தன. சன்னை விழுங்கிய ஆரக்கிள் 2010-ல் கதவைச் சாத்திய பிறகு, இல்லுமாஸ் திட்டத்தார் அந்தத் துண்டுகளைப் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள்.

யுனிக்ஸின் கதை இன்னும் விநோதம். 80-களின் கடைசியில் நம் வங்கிகளுக்குள் நுழைந்த கணினிகளில் பலவற்றில் ஓடியது யுனிக்ஸ் வகையறாதான். ஏடி அண்ட் டி-யிடமிருந்து 1993-ல் அது நாவெல் கைக்குப் போனது. 1995-ல் நாவெல் அதைச் சான்டா குரூஸ் ஆபரேஷனுக்கு விற்றது. 2001-ல் கால்டெரா வாங்கியது. மறு ஆண்டு ஜனவரியில் கால்டெரா பெருந்தன்மையோடு 70-களின் யுனிக்ஸ் பதிப்புகளை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தது. பிறகு பெயரை எஸ்.சி.ஓ. குரூப் என்று மாற்றிக்கொண்டு, 2003 மார்ச்சில் அதே நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது: லினக்ஸுக்குள் எங்கள் யுனிக்ஸைக் கலந்துவிட்டீர்கள் என்று. இடையில் நாவெல் எழுந்து, 1995 பத்திரத்தை எடுத்துக் காட்டியது. நாங்கள் வியாபாரத்தைத்தான் விற்றோம், பதிப்புரிமையை விற்கவில்லை! 2010-ல் ஜூரி, நாவெல் சொல்வதே சரி என்றது. ஐ.பி.எம். வழக்கு 2021-ல் 1.425 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அப்படியானால் 2002-ல் கால்டெரா எழுதிக் கொடுத்ததே, அது யாருடைய சொத்து? மூலப் பத்திரம் பார்க்காமல் மனை வாங்கியவர்களுக்குப் புரியும். அந்த உரிமத்தை நம்பிப் பழைய யுனிக்ஸைப் பகிர்ந்தவர்களை இதுவரை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை என்பதே ஆறுதல்.

டாஸுக்கு முந்திய சிபி/எம் இயங்குதளத்துக்கு நேர்ந்தது சோகம் கலந்த வேடிக்கை. கேரி கில்டால் உருவாக்கியது. அவரது டிஜிட்டல் ரிசர்ச் நாவெலுக்குப் போய், அங்கிருந்து கால்டெராவுக்குப் போய், பிறகு லினியோவுக்குப் போனது. 2001-ல் உரிமை பெற்றிருந்த பிரையன் ஸ்பார்க்ஸ் அனுமதி கொடுத்தார். ஆனால் அந்த வாசகம், டிம் ஓம்ஸ்டெட் என்ற ஆர்வலர் நடத்திய ஒரே ஓர் இணையதளத்துக்குக் கொடுத்த அனுமதி போல அமைந்துவிட்டது. ஓம்ஸ்டெட் அதே ஆண்டு இறந்துபோனார். அந்த அனுமதி மற்றவர்களுக்கும் பொருந்துமா என்ற சந்தேகம் இருபது ஆண்டு தொங்கியது. 2022-ல் ஸ்பார்க்ஸ், எல்லோருக்கும்தான் என்று விளக்கிச் சில வரி எழுதினார், முடிந்தது. அவர் உயிரோடும் நல்ல மனதோடும் இருந்ததால் முடிந்தது.

இதெல்லாம் சட்டப் பக்கம். உரிமை முழுக்கத் தெளிவாக இருந்தாலும், வெளியிட ஏதாவது கையில் இருக்க வேண்டுமே! டாஸ் 4.00-இன் 2024 வெளியீட்டின் பின்னணி இதுதான். லோட்டஸ் நிறுவனத்தில் இருந்த காலத்தில் மென்பொருள் வல்லுநர் ரே ஓஸிக்குக் கிடைத்த சில ஃப்ளாப்பிகளில், ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் ‘மல்டிடாஸ்கிங் டாஸ்’ ஒன்றின் சோதனைப் பதிப்பு இருந்தது. அதன் மூலநிரலைத் தேடி மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கிடங்கைக் குடைந்தது. முழுதாகக் கிடைக்கவில்லை. தேடப் போன இடத்தில் அகப்பட்டதுதான் 4.00.

கிடைத்ததையும் பழுதில்லாமல் வெளியே கொண்டுவர முடியவில்லை. அந்தக் காலக் கோப்புகள் ஐ.பி.எம்.மின் பழைய குறியாக்கத்தில் இருந்தன. ஓர் எழுத்துக்கு ஒரு பைட். இன்றைய வழக்கப்படி அவற்றை யுடிஎஃப்-8-க்கு மாற்றி ஏற்றியதில், கட்டம் போடும் குறிகள் இரண்டு மூன்று பைட்டுகளாக வீங்கின. பழைய அசெம்பிளர் திணறியது. சில கோப்புகளைக் கையால் திருத்திய பிறகே நிரல் உருப்பெற்றது. கோப்புகளின் பழைய தேதிகளும் அழிந்தன. எது முந்தி, எது பிந்தி என்று ஆராய்கிறவர்களுக்கு அவைதான் பெரிய தடயம். பாமினியில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்பை யூனிகோடில் திறந்து பார்த்த எந்த அச்சகக்காரருக்கும் இந்தத் துன்பத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆப்பிளின் லிசா கணினிக்கு வேறு ஒரு முள். அதன் மூலநிரல் மீட்கப்பட்டுவிட்டது, ஆப்பிள் பார்த்து அனுமதித்ததும் வெளிவரும் என்று அதே கணினி வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவரே 2017 டிசம்பரில் சொன்னார். வந்தது 2023 ஜனவரியில். வெளியிட முடியாமல் போகலாம் என்று அன்றே அவர் கைகாட்டியது எதைத் தெரியுமா? எழுத்துப்பிழை பார்க்கச் சேர்த்திருந்த அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதியை.

நம் சட்டத்தில் வழிகளே இல்லையா என்றால், தாளில் இருக்கின்றன. 21-ஆம் பிரிவின்படி, படைத்தவர் ஓர் அறிவிப்புக் கொடுத்துத் தன் உரிமையைக் கைவிடலாம். 31ஏ பிரிவின்படி, உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்பை வெளியிட விண்ணப்பித்து உரிமம் கேட்கலாம். 52-ஆம் பிரிவு, ஒரு நிரலோடு இன்னொன்று ஒத்துப்போவதற்குத் தேவையான தகவலை, வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, பிரித்துப் பார்த்து எடுத்துக்கொள்ள விடுகிறது. மூன்றில் உருப்படியானது கடைசிதான் என்பேன். 1994-ல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ், மைக்ரோசாஃப்டின் மனம் இளக 20 ஆண்டு காத்திருக்கவில்லை. டாஸ் செய்வதையெல்லாம் செய்யும் புது நிரலைத் தானே எழுதிக்கொண்டது. பிள்ளையார்பாளையத்து நண்பருக்கும் அதைத்தான் சொன்னேன். முதலில் ஃப்ளாப்பிகளை நகலெடுத்து வையுங்கள், அடுத்துப் பழைய மென்பொருளை ஃப்ரீடாஸில் ஓட்டிப் பாருங்கள். உதவிக்கு வெளியூர் போக வேண்டாம். காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது, தமிழிலேயே பேசுகிறார்கள்.

உள்ளூர் மென்பொருளின் நிலைமைதான் எனக்கு அதிகக் கவலை. ஒரு கூட்டுறவு சங்கமோ ஜவுளிக்கடையோ வெளியாளிடம் பணம் கொடுத்துக் கணக்கு மென்பொருள் எழுதி வாங்கினால், அது தங்களுடையது என்றே நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாள் எழுதினால், கையெழுத்திட்ட எழுத்துப் பத்திரம் இல்லாதவரை அவருக்கே. அந்தப் பத்திரத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு. எழுதியவர் ஊரைவிட்டுப் போனால் மூலநிரலும் அவரோடு போகும்.

அரசிடமாவது ஒரு பிரதி இருக்குமா? தமிழில் ஒரு சமையல் குறிப்புப் புத்தகம் அச்சிட்டாலும், 1954 சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போயாக வேண்டும். இலக்கியப் படைப்பு என்று நாமே பெயர் சூட்டிய மென்பொருளுக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. விரும்பினால் பதிப்புரிமை அலுவலகத்தில் பதியலாம். பதிந்தாலும் 2021 விதித் திருத்தத்தின்படி மூலநிரலின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கொடுத்தால் போதும். நடுவே இருக்கும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் நிறுவனத்தின் அலமாரியில், அலமாரி இருக்கும்வரை. அரசுப் பணத்தில் வாங்கும் எந்த மென்பொருளுக்கும் முழு மூலநிரலையும், அதில் கலந்திருக்கும் பிறர் நிரல்களின் பட்டியலையும், அதை உருவாக்கப் பயன்பட்ட கருவிகளையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு நிபந்தனை போடலாம். செலவு அதிகமில்லை. விற்பவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக் ஜக்கார்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் நிரல் யாருடையது, அது பழுதானால் யார் திறக்கலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.