பென் டிரைவில் பூட் ஆகவில்லையா? டிஸ்க்கை அழிக்கும் முன் ஒரு நிமிடம்!

இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் சிடி டிரைவ் இல்லை. விண்டோஸோ லினக்ஸோ இன்ஸ்டால் செய்திட பென் டிரைவ்தான் வழி. அதில் எர்ரர் வந்தால், பதற்றத்தில் ஹார்ட் டிஸ்க்கையே அழித்துவிடுகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான்.

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ரூம்மேட்டின் லேப்டாப்பில் விண்டோஸ் 10 போட உட்கார்ந்தேன். டிஸ்க் 'ஜிபிடி' வகையில் உள்ளது, இதில் இன்ஸ்டால் செய்ய முடியாது என்று செய்தி வந்தது. எங்கோ படித்த ஞாபகத்தில் டிஸ்க்பார்ட் திறந்து 'கிளீன்' கட்டளை கொடுத்தேன். விண்டோஸ் அழகாக ஏறியது. "டி டிரைவ் எங்கடா?" என்று அவன் கேட்டபோதுதான் உறைத்தது. அவனுடைய அக்கா கல்யாண போட்டோக்கள் அதில்தான் இருந்தன. ரெகவரி சாஃப்ட்வேரில் பாதிதான் திரும்பக் கிடைத்தன.

தவறு எங்கே?

டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை. கம்ப்யூட்டர் பூட் ஆவதில் இரண்டு முறைகள் உண்டு: பழைய லெகஸி பயாஸ், புதிய யுஇஎஃப்ஐ. விண்டோஸ் லெகஸி முறையில் 'எம்பிஆர்' டிஸ்க்கையும், யுஇஎஃப்ஐ முறையில் 'ஜிபிடி' டிஸ்க்கையும் எதிர்பார்க்கும். பல கம்ப்யூட்டர்களின் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும். அன்று 'யுஇஎஃப்ஐ' என்ற முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ரீஸ்டார்ட் செய்து மற்றதைத் தேர்ந்தெடுத்திருந்தால் போதும்; எதையும் அழித்திருக்க வேண்டாம்.

ஒரே பென் டிரைவில் பல சிஸ்டம்

இதற்கு 'வென்டாய்' என்ற இலவச புரோகிராம் உள்ளது. பென் டிரைவில் இதை ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டு, ஐஎஸ்ஓ பைல்களை அப்படியே காப்பி செய்தால் போதும். பூட் ஆகும்போது மெனுவில் அவை வரிசையாகத் தெரியும். கவனம்: இன்ஸ்டால் செய்கையில் பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். டிரைவின் பெயரையும் அளவையும் இருமுறை பார்த்துவிட்டு 'யெஸ்' கொடுங்கள்.

பிரச்னைகளும் தீர்வுகளும்

1. மெனுவே வரவில்லை: ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயை அழுத்துங்கள். பொதுவாக டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9.

2. நீல நிறத்தில் 'செக்யூரிட்டி வயலேஷன்': இது வைரஸ் அல்ல, செக்யூர் பூட் தடுக்கிறது. ஓகே கொடுத்து, ஏதாவது ஒரு கீயை அழுத்தி, 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' பிரிவில் 'விடிஓஒய்இஎஃப்ஐ' பகுதிக்குள் உள்ள சாவி பைலைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்யுங்கள். ஒருமுறை செய்தால் அந்தக் கம்ப்யூட்டரில் மீண்டும் கேட்காது.

3. பாதியில் நின்றுவிடுகிறது: ஐஎஸ்ஓ பைல் பழுதாகியிருக்கலாம். விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' கட்டளை மூலம் ஷா256 எண்ணை எடுத்து, டவுன்லோட் செய்த தளத்தில் உள்ள எண்ணுடன் ஒப்பிடுங்கள். காப்பி முடிந்ததும் 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் பிடுங்காதீர்கள்.

நெட்வொர்க் பூட் என்றால்?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கருப்புத் திரையில் 'பிஎக்ஸ்இ' என்று தொடங்கும் வரி வந்தால் பயப்பட வேண்டாம். பூட் செய்ய டிஸ்க் எதுவும் கிடைக்காமல், கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் தேடுகிறது என்று பொருள். 'இ61' என்றால் கேபிள் இணைப்பு இல்லை. 'இ51' என்றால் ஐபி முகவரி தர ஆளில்லை. 'இ53' என்றால் முகவரி கிடைத்தது, பூட் பைலின் பெயர் கிடைக்கவில்லை. சாதாரண வீட்டு ரவுட்டர் அதைத் தருவதில்லை. இந்த வசதி, முப்பது நாற்பது கம்ப்யூட்டர்கள் உள்ள லேப்களில் ஒரே சர்வரிலிருந்து இன்ஸ்டால் செய்யத்தான் அதிகம் பயன்படுகிறது. பெரும்பாலும் லேன் கேபிள் அவசியம். வீட்டில் இந்த வரியைப் பார்த்தால், முதலில் பூட் வரிசையையும், ஹார்ட் டிஸ்க் பயாஸில் தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.

எந்த எர்ரர் வந்தாலும் இந்த வரிசையை மறக்காதீர்கள்: முதலில் பேக்கப், அடுத்து பூட் முறை, பிறகு ஐஎஸ்ஓ பைல். டிஸ்க்கை அழிப்பது கடைசி வழி. விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம். கல்யாண போட்டோவை மறுபடி எடுக்க முடியாது.